தகப்பன்மார் பலகை

கிணற்று மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் மட்டும் ஏறவில்லை என்றால் ஜனங்கள் முதலில் மோட்டாரைத்தான் திட்டுவார்கள். மோட்டார் பாவம். குற்றம் பெரும்பாலும் தண்ணீருக்கடியில், குழாயின் கடைசி நுனியில், யார் கண்ணிலும் படாமல் கிடக்கும் ஃபுட் வால்வில் இருக்கும். அது ஒரு சின்னக் கதவு. மோட்டார் இழுக்கும்போது திறக்கும். நின்றதும் மூடிக்கொண்டு குழாயிலுள்ள தண்ணீரைக் கீழே விழாமல் பிடித்துவைக்கும். கதவின் ஓரத்தில் ஒரு தோல் வாசர். அது தேய்ந்தால் ராத்திரி முழுக்கத் தண்ணீர் கசிந்து கிணற்றுக்கே போய்விடும். காலையில் குழாயில் வெறும் காற்று. பம்ப் தண்ணீரைத்தான் தள்ளும். காற்றை அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

தனசிங் இதைத் தன் மனைவி தபீதாளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் வண்டலூரிலிருந்து அப்போதுதான் திரும்பி, தட்டில் பழையதும் சுட்ட கருவாடுமாக உட்கார்ந்திருந்தாள். பீர்க்கன்கரணை ஏரிக்கரையை ஒட்டிய இரண்டு அறை வீடு. 1969 ஏப்ரல். ஏரி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது.

"விடிகாலைல நாலு மணிக்கு எழுப்பிடுறாங்களாம். பசங்க வரிசையா நின்னு கிணத்துலேர்ந்து வாளி மாத்தி மாத்திக் குழாய்க்கு ஊத்துறாங்க. நாப்பது வாளி ஊத்தினாத்தான் மோட்டார் தண்ணி எடுக்குதாம். ஜெபாவுக்கு உள்ளங்கை ரெண்டும் தோல் உரிஞ்சிருக்கு," என்றாள் தபீதாள்.

"நாப்பது வாளி ஊத்தணும்னா வாசர் சுத்தமாப் போயிருக்கு. அரை நாள் வேலை. நான் போய்ப் போட்டுட்டு வந்துடறேன்."

அவள் சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. "எப்படிப் போவீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

அந்தக் கேள்விக்குக் காரணம் இருந்தது. வண்டலூரில் அவர்கள் மகன் ஜெபராஜ் தங்கிப் படிக்கும் எபனேசர் இல்லம், தகப்பன் இல்லாத ஆண்பிள்ளைகளுக்காக நடத்தப்படுவது. அங்கே தனசிங் இறந்துபோனவர்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், பல்லாவரத்திலிருந்து செங்கல்பட்டு வரை பம்ப் செட் ரிப்பேருக்கு அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஒருநாள் ஊரப்பாக்கத்தில் ஒரு கிணற்றடியில் ஸ்பானரோடு குனிந்தவர், ரத்தமாக இருமினார். டி.பி. என்று சானடோரியத்தில் சேர்த்தார்கள். ஊசியும் மாத்திரையும் வலது நுரையீரலைக் காப்பாற்றின. இடதில் விழுந்த ஓட்டை மூடவில்லை. அப்படி மூடாதபோது டாக்டர்கள் ஒரு காரியம் செய்வார்கள். நுரையீரலுக்குக் கூரைபோல இருக்கும் விலா எலும்புகளை எடுத்துவிடுவார்கள். கூரை இறங்கினால் ஓட்டை அமுங்கி ஒட்டிக்கொள்ளும். தனசிங்குக்கு ஏழு எலும்புகளை எடுத்தார்கள். இடது தோள் ஒரு சாண் இறங்கிவிட்டது. ஆனால் ஓட்டை மூடியது. இந்த பிப்ரவரியில், சளியில் கிருமி இல்லை, யாரோடும் புழங்கலாம் என்று டைப் அடித்த சீட்டோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். நாலாக மடித்து பிளாஸ்டிக் உறையில் போட்ட அந்தச் சீட்டு எப்போதும் அவர் சட்டைப்பையில் இருக்கும். டீக்கடையில் கிளாஸ் தர யோசித்தால் எடுத்துக் காட்டுவார்.

ஆப்பரேஷன் நடந்த அதே வாரத்தில்தான் தபீதாளின் அண்ணன் தேவானந்தம், சபையின் செயலாளர், இல்லத்தின் ஃபாரத்தைப் பூர்த்தி செய்தார். தகப்பனார் என்ற இடத்தில் 'தனசிங், காலமானார்' என்று எழுதி சபையின் முத்திரையைக் குத்திக் கொடுத்தார்.

மறுநாள் ஆராதனை முடிந்து தேவானந்தம் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார். தங்கை சொன்னதைக் கேட்டுவிட்டுக் குடையைச் சுவரில் சாத்தினார்.

"மாப்பிள்ளை, வேண்டாம்."

"மூணு வருஷமாச்சு மச்சான், அவனைக் கிட்டத்துல பார்த்து. வார்டுக்குள்ள சின்னப் பசங்களை வுடல. கம்பி வேலிக்கு அந்தாண்டதான் நின்னான். கிறிஸ்மஸ் லீவுக்கு வந்தப்ப நான் கட்டில்ல இருந்தேன்."

"நீங்க பொழைக்கிறது பாதிக்குப் பாதின்னார் டாக்டர். அந்தப் பாதியை நம்பித்தான் எழுதினேன்."

"மீதிப் பாதி இங்க உக்காந்திருக்கேனே."

"அதுதான் இப்ப கஷ்டம்," என்றார் தேவானந்தம். அவர் வேடிக்கையாகச் சொல்லவில்லை. "நீங்க உசுரோட போய் நின்னீங்கன்னா அன்னிக்கே பையனைப் பெட்டியோட வெளிய அனுப்புவாங்க. முத்திரை குத்தினவன் நான், சபைல தலை காட்ட முடியாது. அது போகட்டும். அவன் எட்டாவது. அங்க மூணு வேளை சோறு, ஸ்கூல், விளையாட்டு. கையப் பிடிச்சு நடத்த வார்டன்னு ஒரு ஆம்பளை. நீங்க என்ன தரப்போறீங்க? ஒரு பெரிய ஸ்பானரை ஒத்தைல தூக்குவீங்களா?"

தனசிங் வாழைப்பழத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "தகப்பனாப் போகல. மெக்கானிக்காப் போறேன். தபீதாளுக்கு ஒன்னு விட்ட தம்பி, சுவிசேஷமுத்து. பார்த்துட்டு வந்துடறேன். அவ்வளவுதான்."

"பார்த்துட்டு வரட்டும் அண்ணா," என்றாள் தபீதாள் அடுக்களையிலிருந்து.

"நான் இதைக் கேட்கல," என்று தேவானந்தம் குடையை எடுத்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலை தனசிங் ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ் ஏறினார். ஸ்பானர்கள், சங்கிலி, கயிறு வைத்த சாக்குப்பையைக் கண்டக்டரே தூக்கி வைத்தார். இறங்கி, முள்ளும் பாறையுமான குன்றை ஒட்டி ஒன்றரை மைல் நடந்தார். ஒரு நுரையீரலோடு நடக்க ஒரு முறை உண்டு. நாற்பது அடிக்கு ஒருமுறை நின்று, உதட்டைக் குவித்து, சூடான பாலை ஊதுவதுபோல மெல்ல மூச்சை வெளியே விட வேண்டும். சானடோரியத்தில் கற்றுத்தந்தது. வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேர்ந்தார்.

கேட்டைத் திறந்தது சமையல்காரி ரத்தினபாய்.

"மோட்டாருக்கா? வா நைனா. இங்க தண்ணி இல்லாத பேஜாரா கீது. பசங்க மூஞ்சி கழுவி மூணு நாளாச்சு. இன்னா, இப்பிடி மூச்சு வாங்குது? வண்டில வர்லியா?"

"நடந்துதான் வந்தேன்க்கா."

"தோளு இன்னா ஒரு பக்கமா சாஞ்சிகினு கீது?"

"டேங்க் மேலேர்ந்து வுழுந்துட்டேன்."

"ஐயையே. உக்காரு. சார் வர்வாரு."

அவள் உட்காரவைத்த இடம் ஜெபக்கூடம். எதிர்ச் சுவரில், கதவளவு உயரத்துக்கு ஒரு கறுப்புப் பலகை. அதில் வெள்ளைப் பெயிண்டால் இரண்டு வரிசையாக நாற்பத்து மூன்று பெயர்கள். மேலே 'நம் தகப்பன்மார்' என்று எழுதியிருந்தது. இந்த இல்லத்தின் வழக்கம் அது. புதிதாக ஒரு பையன் சேர்ந்தால் அவன் தகப்பன் பெயரைப் பலகையில் ஏற்றுவார்கள். சனிக்கிழமை சாயங்காலம் ஒரு பையன் அதன் முன்னால் நின்று, தன் தகப்பன் உயிரோடிருந்தபோது செய்த ஒரு நல்ல காரியத்தைச் சொல்ல வேண்டும். சொல்லாத பையன் கல்லாகிவிடுவான் என்பது வார்டனின் எண்ணம்.

இரண்டாம் வரிசையில் ஏழாவது பெயர் ஜெ. தனசிங். அவர் பெயரை அவ்வளவு அழகாக அதுவரை யாரும் எழுதியதில்லை.

வார்டன் அசரியா பட்டாளத்திலிருந்து வந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இஸ்திரி போட்ட காக்கி அரைக்கால்சட்டை, இடுப்பில் அகலமான தோல் பெல்ட். "ஜெபராஜ் அம்மா சொல்லி அனுப்பினாங்களா? குட். எத்தனை பசங்க வேணும்?" என்றார்.

"ஆறு பேர் போதும் சார்."

ஆறு பேர் வந்தார்கள். நாலாவதாக வந்தவன் ஜெபராஜ். கம்பி வேலிக்கு அப்பால் நின்ற பத்து வயதுப் பையன் இல்லை. பதின்மூன்று வயது, மூக்கு தடித்து, மேலுதட்டில் பூனைமயிர். அவன் தனசிங்கைப் பார்த்தான். நடை அரை அடி நின்றது. பிறகு மற்றவர்களோடு வந்து நின்றான்.

"உங்க மாமாவா?" என்றார் வார்டன்.

"ஆமா சார்," என்றான் ஜெபராஜ். "அம்மா வழில."

பெரிய கிணறு. பம்ப் மேலே இல்லை. பம்ப் மூச்சு இழுக்கிற ஆழத்துக்கு ஓர் எல்லை உண்டு, இருபத்தைந்து அடிக்குமேல் இழுக்காது. அதனால் கோடைக்காலத்து நீர்மட்டத்தை எண்ணி, கிணற்றுக்குள்ளேயே பதினைந்து அடி கீழே ஒரு மேடை கட்டிப் பம்பை அதில் வைத்திருந்தார்கள். சுவரில் நீட்டிய கற்கள்தான் படி. முன்பானால் தனசிங் பல்லி மாதிரி இறங்குவார். இப்போது இறங்கலாம், ஏறமுடியாது.

"நான் மேலேர்ந்து சொல்றேன். ரெண்டு பேர் கீழ இறங்குங்க." ஜெபராஜும் கிதியோன் என்ற பையனும் இறங்கினார்கள்.

முதலில் குற்றம் எங்கே என்று பார்க்க வேண்டும். பம்பின் தலையிலுள்ள புனலில் தண்ணீர் ஊற்றச் சொன்னார். ஊற்றிய தண்ணீர் அப்படியே நின்றால் ஃபுட் வால்வு நல்லது, காற்று வேறெங்கோ நுழைகிறது. இறங்கிக்கொண்டே போனால் வால்வு போயிற்று.

"இறங்குது," என்று கீழிருந்து குரல் வந்தது.

"எவ்வளவு வேகமா?"

"ஊத்த ஊத்த."

"அப்பக் குழாயைக் கழட்டி மேல இழுத்துடலாம். பம்பும் குழாயும் சேர்ற ஃப்ளேஞ்ச்ல நாலு போல்ட் இருக்கும். பக்கத்துப் பக்கத்துல கழட்டாத, எதிரெதிராக் கழட்டணும். இல்லன்னா சாஞ்சு இறுகிடும்."

கயிற்றைக் கட்டி, சங்கிலியைச் சுற்றி, மேலே நாலு பையன்கள் கயிற்றைப் பிடித்தார்கள். பேச்சு ஓயவில்லை.

"மெக்கானிக் மாமா, நீங்க ஜெபராஜ் அப்பாவைப் பார்த்திருக்கீங்களா?" என்றான் ஒருவன். "எஞ்சின் டிரைவராமே. ஆறடி உயரமாமே."

"டேய், கரி அள்ளிப் போடுற சவுளை ஒத்தைக் கைல தூக்குவாராம்டா," என்றான் இன்னொருவன். "விழுப்புரத்தாண்ட தண்டவாளத்துல மாடு நின்னுச்சாம், வண்டிய நிப்பாட்டிப் பாசஞ்சரை எல்லாம் காப்பாத்திட்டு இவரு செத்துட்டாராம். ஜெபா சொன்னான். பலகை முன்னாடி."

"மாடு செத்துச்சா?"

"அது பொழைச்சிடுச்சாம்டா."

எல்லாரும் சிரித்தார்கள். கிணற்றுக்குள்ளிருந்து சத்தம் வரவில்லை. தனசிங் கைப்பிடிச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டார்.

"பார்த்திருக்கேன்," என்றார். "ஆறடிக்கு மேலயே இருப்பார். கயித்த இறுக்கிப் பிடிங்க."

அதன்பிறகுதான் அந்தத் தவறு நடந்தது. கிணற்று வேலையில் கத்தினால் எதிரொலித்துக் குழம்பும். அதனால் தனசிங் எப்போதும் ஸ்பானரால் குழாயைத் தட்டித்தான் சைகை சொல்வார். ஒரு தட்டு, நிறுத்து. இரண்டு, தள்ளு. மூன்று, இறக்கு. அவராக ஏற்படுத்திக்கொண்டது. வேறு யாருக்கும் தெரியாது. இந்தப் பையன்களுக்கு அதைச் சொல்லித்தர மறந்துவிட்டார். கை பழக்கத்தில் இரண்டு தட்டுத் தட்டியது.

கிதியோன் மேலே நிமிர்ந்து பார்த்தான். ஜெபராஜ் குழாய்க்கடியில் தோளைக் கொடுத்துத் தள்ளினான். ஒரு தட்டு. நின்றான். மூன்று தட்டு. மெல்ல இறக்கி, மறுபடி இரண்டுக்குத் தோள் கொடுத்தான். ஐந்து வயதிலிருந்து அப்பாவோடு கிணறு கிணறாகப் போனவன். உடம்பே கேட்டுக்கொண்டது. குழாய் வெளியே வந்தபோதுதான் அவன் முகம் மாறியது.

"நீங்க ஒண்ணும் சொல்லலியே," என்றார் பக்கத்தில் நின்ற வார்டன். "அவனுக்கு எப்படித் தெரிஞ்சது?"

தனசிங் ஸ்பானரைக் கீழே வைத்தார். "அவங்கப்பா கத்துக்குடுத்திருப்பார் சார். எஞ்சின் ஷெட்லயும் இதே தட்டுதான்."

வார்டனுக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. "பார்த்தீங்களாடா? ஒரு தகப்பன் கத்துக்குடுத்தது, செத்த பிறகும் பிள்ளை கையில இருக்கு."

வால்வைத் திறந்து பார்த்தார்கள். தோல் வாசர் கருவாடு போலச் சுருங்கி வெடித்திருந்தது. தோல் நனைந்திருந்தால் உப்பி ஓட்டையை அடைக்கும். நாலு நாள் காய்ந்தால் விறைத்துவிடும். பிறகு எவ்வளவு ஊறவைத்தாலும் பழைய தோல் ஆகாது. நடுவில் நீர்மட்டம் இறங்கி வால்வு சில நாள் வெளியே தெரிந்தபோது யாரும் கவனிக்கவில்லை.

"புதுசு வாங்கத் தாம்பரம் போகணும். தடிச்ச தோல் ஏதாவது இருந்தா இங்கயே வெட்டிடுவேன் சார்."

வார்டன் யோசித்தார். பிறகு இடுப்பு பெல்ட்டைக் கழற்றி நீட்டினார். அந்த பெல்ட்டைப் பையன்களின் முதுகும் காலும் அறியும்.

தனசிங் ஒரு ரூபாய் நாணயத்தை நடுவில் வைத்துக் கோடு கிழித்து, உளியால் வட்டமாக வெட்டி, விளக்கெண்ணெயில் போட்டார். கிதியோன் ஜெபராஜின் காதில் சொன்னான்: "ஒழிஞ்சதுடா."

"எங்கிட்ட இன்னொண்ணு இருக்கு," என்றார் வார்டன். அவரும் சிரித்தார்.

பதினொன்றரை மணிக்கு மோட்டார் போட்டார்கள். ஒரு வாளித் தண்ணீரில் பம்ப் பிடித்துக்கொண்டது. தொட்டியில் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டதும் நாற்பத்து மூன்று பையன்களும் சட்டையைக் கழற்றிக்கொண்டு ஓடினார்கள். ரத்தினபாய் அமெரிக்கன் கோதுமை உப்புமாவும் ஒரு பீங்கான் கோப்பையில் டீயும் கொண்டுவந்தாள். தனசிங் கூட்டத்திலிருந்து தள்ளி உட்கார்ந்து சாப்பிட்டார். கோப்பையைத் தானே கழுவித் தனியாகக் கவிழ்த்துவைத்தார்.

வார்டன் வந்து எதிரில் நாற்காலி போட்டுக்கொண்டார். "மிஸ்டர் சுவிசேஷமுத்து, ஒண்ணு கேட்கிறேன். வாரம் ஒரு நாள் இங்க வர முடியுமா? சனிக்கிழமை. நான் அவங்களுக்கு டிரில் சொல்லித் தரேன், அடிக்கிறேன். ஆனா ஒரு போல்ட்டை எப்படிக் கழட்டணும்னு பொறுமையாச் சொல்ல எனக்கு வராது. தகப்பன் இல்லாத பசங்க. உங்களை மாதிரி ஒரு ஆம்பளை அவங்க கண்ணு முன்னாடி நடமாடணும். கமிட்டிகிட்ட கேட்டு சம்பளம் வாங்கித் தரேன்."

ஒவ்வொரு சனிக்கிழமையும். தனசிங் தலையை ஆட்டினார். "வரேன் சார். சம்பளம்கூட வேணாம் சார்."

கை கழுவப் போனபோது அடுக்களைக்குப் பின்னால், விறகுக் குவியலுக்கு மறைவில் ஜெபராஜ் நின்றிருந்தான். தலை ஈரம்.

"அப்பா," என்றான் கிசுகிசுப்பாக. "நீங்க வரக்கூடாது."

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்டா. மாமாவாவே இருந்துடறேன். பசங்களோட சேர்த்து உனக்கும் நாலு வேலை சொல்லித் தரேன். அவ்ளோதான்."

"கண்டுபிடிச்சிடுவாங்க. கிதியோன் இப்பவே கேட்டான், உங்க மாமா மூக்கும் உன் மூக்கும் ஒண்ணா கீதேன்னு. அந்தத் தட்டு வேற. என்னை வெளிய அனுப்பிடுவாங்க."

"அனுப்ப மாட்டாங்க. நான் பார்த்துக்கறேன்."

"நீங்க எப்படிப் பார்த்துப்பீங்க?" ஜெபராஜ் அவரது இறங்கிய தோளைப் பார்த்தான். "அப்புறம் எஞ்சின் டிரைவர்னு சொன்னதெல்லாம்..." முடிக்காமல் நின்றான். "வர மாட்டேன்னு சார்கிட்ட சொல்லிடுங்க."

தனசிங் வாளித் தண்ணீரையே பார்த்தார். மூன்று வருஷம் ஒரு கட்டிலில் படுத்து எண்ணிக்கொண்டிருந்தது இந்தப் பையனின் முகத்தைத்தான். "ரெண்டு வாரம் வந்து பார்க்கறேன்டா. சரியா வரலன்னா நின்னுடறேன்," என்றார்.

ஜெபராஜ் ஆபீஸ் அறைப் பக்கம் நடந்து போனான்.

கால் மணி நேரத்தில் வார்டன் வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை, பத்தடி தள்ளி நின்றார். அவருக்குப் பின்னால் ஜெபராஜ்.

"பையன் ஒரு விஷயம் சொல்றான். நீங்க சானடோரியத்துல டி.பி. வார்டுல இருந்தீங்களாமே. தோள் டேங்க்லேர்ந்து விழுந்தது இல்லையாமே."

தனசிங் எழுந்து நின்றார். "இருந்தேன் சார். குணமாயிடுச்சு."

"நான் அநியாயம் பண்றவன் இல்ல. குணமானவங்களுக்கு டாக்டர் சீட்டு குடுப்பாங்கன்னு எனக்குத் தெரியும். பட்டாளத்துல பார்த்திருக்கேன். இருந்தாக் காட்டுங்க. அடுத்த சனிக்கிழமை தாராளமா வாங்க."

தனசிங்கின் கை சட்டைப்பைக்குப் போயிற்று. பிளாஸ்டிக் உறை விரலில் பட்டது. சீட்டின் முதல் வரியிலேயே பெயர் இருந்தது: ஜெ. தனசிங், பீர்க்கன்கரணை. ஜெபக்கூடத்துக் கதவு திறந்திருந்தது. அங்கிருந்து பார்த்தாலே பலகை தெரிந்தது.

அவர் மகனைப் பார்த்தார். ஜெபராஜ் அந்தச் சட்டைப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குச் சீட்டைப் பற்றித் தெரியும். அம்மா சொல்லியிருந்தாள்.

"இல்ல சார்," என்றார் தனசிங். வெறும் கையை வெளியே எடுத்தார். "சீட்டு ஒண்ணும் இல்ல."

"சீட்டு இல்லாமத்தான் நாப்பத்து மூணு பசங்க நடுவுல வந்து உக்காந்தீங்களா?" வார்டனின் குரல் உயரவில்லை. "நானும் உங்களை நம்பி... போங்க. உடனே போங்க. ரத்தினபாய், அந்தக் கோப்பையை உடைச்சுப் பள்ளத்துல போடு. பசங்க எல்லாரும் ஃபினாயில் போட்டு மறுபடி குளிக்கட்டும். கயிறு, பம்ப், அவர் தொட்டது எல்லாத்தையும் கழுவணும்."

"புது வாசர் சார்," என்றான் கிதியோன். "அதையும் கழட்டணுமா?"

வார்டன் சற்று யோசித்தார். "அது தண்ணிக்குள்ள இருக்கு. இருக்கட்டும்."

தனசிங் கேட்டை நோக்கி நடந்தார். நாற்பது அடிக்கு ஒருமுறை நிற்க வேண்டும். அன்றைக்கு நிற்காமல் நடந்து, கேட்டுக்கு வெளியே பாறையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பின்னால் கோப்பை உடையும் சத்தமும் ரத்தினபாய் குரலும் கேட்டன. "சொல்லியிருக்கலாமில்ல நைனா, தகர டம்ளர்லயாவது குடுத்திருப்பேன்."

சற்று நேரத்தில் ஜெபராஜ் வந்தான். மறந்துபோன சாக்குப்பையை வார்டன் கொடுத்தனுப்பியிருந்தார். பாரத்தில் தோள் சாயத் தூக்கிவந்தான். கையில் கொடுக்காமல் கேட்டுக்கு வெளியே தரையில் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போனான். சுற்றிலும் யாருமில்லை. பையன்கள் எல்லாரும் தொட்டியடியில் இருந்தார்கள். ரோடு வரைக்கும் வெயில்தான்.

தனசிங் மூச்சு சமனப்படும்வரை காத்திருந்தார்.

"மோட்டார் போடும்போது தண்ணி மேல போற குழாயோட டெலிவரி வால்வை மூடிட்டுப் போடணும்," என்றார். "அப்பத்தான் மோட்டார் திணறாது. வேகம் பிடிச்சப்புறம் மெள்ளத் திறக்கணும். மழை வர்ற வரைக்கும் ஃபுட் வால்வு தண்ணிக்குள்ள முங்கியிருக்கான்னு தினம் எட்டிப் பாரு. தோல் காய விடக் கூடாது. வேற யாருக்கும் தெரியாது. நீதான் பார்த்துக்கணும்."

ஜெபராஜ் கவனமாகக் கேட்டுக்கொண்டான். ஒருமுறை உதட்டசைவில் திருப்பிச் சொல்லிப் பார்த்தான். பிறகு கேட்டைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டான்.

"சரிங்க மாமா," என்றான்.